மலைப்பாதை பந்தயத் தடமல்ல: மோட்டோகிராஸ் தளத்துக்குப் புறப்படும் முன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கச்சிராயபாளையம் டீக்கடைகளின் முன்னால் பைக்குகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலை ஏறும் இளைஞர்கள். பெரும்பாலானோர் அருவி பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். சிலருக்கு மட்டும் தார்ச்சாலை போதாது. "அந்த மண் ரோட்ல இறக்கிப் பார்க்கலாம்டா, செம ஜம்ப் இருக்கு" என்று ஒருவர் சொன்னால் போதும், நான்கு வண்டிகள் பின்னால் இறங்கும்.

மண்ணில் வண்டி ஓட்டும் ஆசை தவறில்லை. அது உலகம் முழுக்க ஒரு விளையாட்டு. மோட்டோகிராஸ் என்று பெயர். ஆனால் அதற்கு உரிய இடம் கல்வராயன் மலைப்பாதை அல்ல. ஏன் அல்ல, சரியான இடம் எது, அங்கே போவதற்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

அந்தப் பாதை யாருடையது?

மலையில் மண் பாதை சும்மா கிடப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது மலைக்கிராமத்து மக்களின் அன்றாட வழி. மரவள்ளியும் புளியும் கடுக்காயும் அதில்தான் இறங்குகின்றன. பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்கு நடக்கிறார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்பது வண்டியோடு காற்றில் பறப்பவருக்குத் தெரியாது. தலையில் சுமையோடு வரும் பாட்டிக்கும் தெரியாது.

சட்டமும் இதையே சொல்கிறது. பொதுமக்கள் சென்றுவர உரிமை உள்ள எந்த வழியும், தார் போட்டதோ மண் வழியோ, மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி 'பொது இடம்'தான். எனவே லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் அங்கேயும் கட்டாயம். அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வண்டிகளுக்குள் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்தினால், கலந்துகொண்டால், பிரிவு 189-இன்கீழ் முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் என உயரும்.

பாதையை விட்டுக் காப்புக்காட்டுக்குள் இறங்கினால் அது வேறு குற்றம். அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்கீழ் வரும். வனத்துறை வழக்குப் பதிவு செய்யலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய பிரிவு 199ஏ. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டி உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் சந்திக்க நேரும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "பையன் ஆசைப்பட்டான், கொடுத்தேன்" என்பது பதிலாகாது. ஓட்டுநர் வேலை, போலீஸ் வேலை என்று கனவு காணும் பிள்ளைக்கு இதனால் ஏற்படும் இழப்பை நினைத்துப் பாருங்கள்.

சரி, எங்கே போய் ஓட்டுவது?

மோட்டோகிராஸ் 1924-இல் இங்கிலாந்தில் தொடங்கிய விளையாட்டு. மூடிய மண் தடம், மேடு பள்ளம், கூர்மையான வளைவு, தாவுவதற்கென்றே கட்டிய மண்மேடு, இதுதான் களம். இதையே சிறிய அரங்குக்குள் சுருக்கி நடத்துவது சூப்பர்கிராஸ். நம் நாட்டில் தேசிய அளவில் சூப்பர்கிராஸ் போட்டி நடக்கிறது. கோயம்புத்தூரிலும் சுற்றுகள் நடந்துள்ளன. இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு (எஃப்எம்எஸ்சிஐ) இந்த விளையாட்டுகளை நடத்தும் அங்கீகாரம் பெற்ற அமைப்பு. தலைமையகம் சென்னையில் இருக்கிறது. போட்டியில் இறங்க அது தரும் போட்டி உரிமம் தனியாக வேண்டும். பார்வையாளராகப் போக அது தேவையில்லை.

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் உள்ளன. ஆனால் அவை முதன்மையாகத் தார்த்தடங்கள். மண்ணில் பழக நினைக்கும் கள்ளக்குறிச்சிக்காரருக்குப் பெயர் பெற்ற இடம் கர்நாடகத்தின் கோலார் அருகே இருக்கும் பிக் ராக் டர்ட் பார்க். டக்கார் ராலியை ஓட்டி முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் உருவாக்கியது. அவர் டக்காரை முடித்த ஆண்டு 2015.

அதே சந்தோஷ் 2021 டக்கார் போட்டியில் விழுந்து தலையில் பலத்த காயம்பட்டார். ரியாத் மருத்துவமனைக்கு வான்வழியே கொண்டுசெல்லப்பட்டு மீண்டுவந்தார். இவ்வளவு பயிற்சி உள்ளவருக்கே உயிரைக் காத்தது பாதுகாப்பு உடையும், பக்கத்தில் தயாராக நின்ற மருத்துவக் குழுவும்தான். மலைப்பாதையில் விழும் நம் பிள்ளைக்கு இந்த இரண்டும் கிடையாது. செல்போன் சிக்னலே சில வளைவுகளில் கிடைப்பதில்லை. முறையான தளத்துக்குப் போகச் சொல்வதன் முக்கியக் காரணம் இதுதான்.

புறப்படும் முன் கேட்க வேண்டியவை

முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். எந்தத் தளமாக இருந்தாலும் போன் செய்து இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

1. புதியவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எந்த நாளில்? எத்தனை மணி நேரம்?
2. வண்டி அவர்களே தருவார்களா, நாம் கொண்டுவர வேண்டுமா? வண்டிக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு?
3. ஹெல்மெட், கண்ணாடி, மார்புக் காப்பு, முழங்கால் காப்பு, பூட்ஸ் வாடகைக்குக் கிடைக்குமா?
4. குறைந்தபட்ச வயது என்ன? பெற்றோர் நேரில் வர வேண்டுமா?
5. ஆம்புலன்ஸ், முதலுதவியாளர் தளத்தில் இருப்பார்களா? அருகிலுள்ள மருத்துவமனை எது?
6. மழை பெய்தால் தேதி மாற்றித் தருவார்களா, பணம் திரும்புமா?

ஐந்தாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்துக்குப் போக வேண்டாம்.

தளத்தில் ஒரு பொறுப்பேற்புப் படிவம் தருவார்கள். "சும்மா கையெழுத்துப் போடு" என்று யார் சொன்னாலும் படித்துவிட்டுப் போடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

பயணமும் ஆவணங்களும்

கள்ளக்குறிச்சியிலிருந்து திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகவோ, சேலம் வழியாகவோ கிருஷ்ணகிரி சேர்ந்து, அங்கிருந்து கோலார் போகலாம். ஒரே நாளில் போய், ஓட்டி, திரும்பி வர நினைக்காதீர்கள். நாலு மணி நேரம் மண்ணில் நின்றபடி வண்டி ஓட்டிய உடம்பு, இரவில் நெடுஞ்சாலையில் விழித்திருக்காது. இரண்டு நாளாகத் திட்டமிடுங்கள்.

மோட்டோகிராஸுக்கென்றே செய்யும் வண்டிகளுக்கு முகப்பு விளக்கோ நம்பர் பிளேட்டோ கிடையாது. அவற்றைச் சாலைக்குப் பதிவு செய்யவும் முடியாது. கவாசாகியின் கேஎக்ஸ் வண்டிகள் இந்தியாவில் அப்படித்தான் விற்கப்படுகின்றன. எனவே அவற்றைச் சரக்கு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சாலையில் ஓடும் வண்டியையே எடுத்துச் சென்றால், தளத்தில் கழற்றிய கண்ணாடியையும் நம்பர் பிளேட்டையும் திரும்பப் பொருத்திய பிறகே வெளியே வாருங்கள்.

லைசென்ஸும் ஆர்சியும் டிஜிலாக்கரில் இருந்தால் அசலுக்குச் சமம். இன்னும் லைசென்ஸ் எடுக்காதவர்கள் எல்எல்ஆர் விண்ணப்பத்தை அருகிலுள்ள இ-சேவை மையத்திலேயே செய்துவிடலாம். வாடகை வேன் பிடித்தால், கர்நாடகத்துக்குள் செல்ல அனுமதிச் சீட்டும் வரி ரசீதும் இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் முதல் நாளே கேளுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண வாகனப் பாலிசி, பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தும்போது செல்லாது. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டமும் தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்துகளுக்கானது. எனவே தளத்தில் அடிபட்டால் செலவு எங்கிருந்து வரும் என்பதைத் தளத்தாரிடமும், உங்கள் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தடத்தில் இறங்கிய பிறகு

கொடியைப் பார்க்கப் பழகுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து: வேகத்தைக் குறை, தாவாதே, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார், வழி விடு. வெள்ளையில் சிவப்புச் சிலுவை என்றால் மருத்துவக் குழு தடத்தில் இருக்கிறது.

தடம் ஒருவழி; எதிர்த்திசையில் ஒரு அடியும் வேண்டாம். தாவி இறங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தவே கூடாது, ஏனெனில் பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். விழுந்தால் முதலில் நீங்கள் ஓரமாக ஒதுங்குங்கள், வண்டியை அப்புறம் பார்க்கலாம். முதல் நாளில் தாவுவது பாடமே அல்ல. எழுந்து நின்று ஓட்டுவது, பிரேக் பிடிப்பது, வளைவில் காலை நீட்டுவது, இவைதான் பாடம்.

நம்ம ஊரிலேயே நடத்த முடியாதா?

முடியாது என்றில்லை. ஆனால் வரிசை உண்டு. நிலத்தின் உரிமையாளர் சம்மதம், அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி, காவல்துறை, மருத்துவ ஏற்பாடு, கூட்டமைப்பின் ஒப்புதல் ஆகியவை எல்லாம் வேண்டும். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 பந்தயம் நினைவிருக்கும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமே முன்நின்ற அந்தப் போட்டியிலும், சர்வதேசச் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்று வந்த பிறகே பந்தயம் தொடங்கியது. அரசுக்கே அந்த விதி என்றால் நமக்கும் அதுதான்.

முறையாகப் போனால் இந்த விளையாட்டு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே சான்று உண்டு. கேரளத்தின் ஷொரணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, தேசிய சூப்பர்கிராஸ் பட்டங்களில் தொடங்கி, நம் ஓசூர் டிவிஎஸ் நிறுவனத்தின் அணிக்காக ஓட்டி, 2024 டக்காரில் ராலி 2 பிரிவில் முதலிடம் பெற்றார். அவர் வளர்ந்தது மூடிய தடங்களில்.

எனவே அடுத்த ஞாயிறு வெள்ளிமலைக்குப் போகலாம், தாராளமாக. கீழேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். வளைவில் ஹாரன் அடியுங்கள், ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். மழைக்காலத்தில் அருவிக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அவசரம் என்றால் 108, காவல் உதவிக்கு 112. மண் பாதையைப் பார்த்துக் கை துறுதுறுத்தால், அங்கே இறங்காமல் தளத்துக்குப் போன் போடுங்கள்.