சுவான்சௌ: துறைமுக நகரின் ஆட்சி வரலாறு

சீனாவில் தாங் வம்சக் காலத்தில், 711ஆம் ஆண்டில், பல வட்டங்களை உள்ளடக்கிய 'சௌ' என்னும் ஆட்சிப் பிரிவாக இப்பெயரைப் பெற்ற சுவான்சௌவின் வரலாற்றில் பெருந்திருப்பம் 1087இல் நேர்ந்தது. அவ்வாண்டு சொங் அரசு இங்கு நிறுவிய 'ஷிபோசி' என்னும் கடல்வணிக அலுவலகம், புறப்படும் கப்பல்களுக்கு அனுமதிச் சீட்டு வழங்கியதோடு, வந்திறங்கிய மிளகு, நறுமணப் பொருள்கள், தந்தம் ஆகியவற்றைச் சோதித்து, அவற்றில் ஒரு பங்கை வரியாகவும் எடுத்துக்கொண்டது. யுவான் ஆட்சியில் நகரம் 'லூ' என்னும் பெரும்பிரிவின் தலைமையிடமாயிற்று. அக்காலத்தில், மங்கோலியப் பேரரசரின் நலம் வேண்டி 1281இல் சிவன் கோயிலொன்றில் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, இத்துறைமுகத்தின் தமிழ் வணிகத் தொடர்புக்கு ஈடற்ற சான்றாகும். மிங், சிங் காலங்களில் 'ஃபூ' என்னும் ஆட்சிப் பிரிவு நிலையில் நகரம் நீடித்தபோதிலும், 15ஆம் நூற்றாண்டில் கடல்வணிக அலுவலகம் ஃபூசௌ நகருக்கு மாற்றப்பட்டதால் பழைய செல்வாக்கு குன்றியது. அகழாய்வில் வெளிப்பட்ட அவ்வலுவலகத்தின் எச்சங்கள் உள்ளிட்ட 22 இடங்கள் 2021இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.