ஜாம்பி ஊரில் ஒரு அப்பா
(வீடியோ கேம் விமர்சனம்)



வீடியோ கேம்னு சொன்னாலே வீட்டில் திட்டு விழும். "கண்ணு கெட்டுடும், படிப்பு கெட்டுடும்" என்பார்கள். அதிலும் செத்த பிணங்களை வெட்டித் தள்ளும் கேம் என்றால் கேட்கவே வேண்டாம்! ஆனால் நான் இங்கே எழுதப்போகும் கேமில் ஆயிரக்கணக்கான ஜாம்பிகளை வெட்டினாலும், கடைசியில் மனசில் நிற்பது வெட்டு இல்லை. ஒரு சின்னப் பொண்ணுக்குப் போட வேண்டிய ஒரு ஊசி மருந்து. அது ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

கேமின் பெயர் 'டெட் ரைசிங் 2'. 2010 செப்டம்பரில் வந்தது. வெளியிட்டது ஜப்பானின் கேப்காம் கம்பெனி. செய்து கொடுத்தது கனடாவில் இருந்த புளூ கேஸில் கேம்ஸ் என்ற கம்பெனி. எங்க பெரியம்மா பையன், காலேஜ் படிக்கிற அண்ணன், இதை கம்ப்யூட்டரில் விளையாடுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். என் வேலை கடிகாரம் பார்க்கிறது. அது என்ன வேலைன்னு பிறகு சொல்கிறேன்.

ஜாம்பி என்றால் யார்?

நம்ம ஊர்ப் பேய்க்குக் கால் கிடையாது, வெள்ளைச் சேலை கட்டும், புளியமரத்தில் இருக்கும். ஜாம்பி அப்படி இல்லை. செத்தவர் உடம்பே எழுந்து நடப்பது. அதற்குப் பேச்சு இல்லை, யோசனை இல்லை, வலி இல்லை.

இந்த நம்பிக்கை ஹைட்டி என்ற தீவு நாட்டிலிருந்து வந்தது. அங்கே பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்து கரும்புத் தோட்டங்களில் சாகும்வரை வேலை வாங்கினார்கள். அந்த மக்கள் போராடி 1804-ல் சுதந்திரம் வாங்கினார்கள். அந்த ஊர் ஜாம்பி யாரையும் கடிக்காது. செத்த பிறகும் ஒருத்தன் மந்திரம் போட்டு எழுப்பி, கூலி இல்லாமல் வேலை வாங்குவான் என்பதுதான் அவர்களுடைய பயம். அதாவது செத்தாலும் விடுதலை இல்லை! இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து எனக்கு ஜாம்பியைப் பார்த்தால் பயத்தைவிடப் பாவம்தான் அதிகமாக வருகிறது.

மனுசனைத் தின்னும் ஜாம்பியைப் பிரபலமாக்கியது சினிமாதான். ஜார்ஜ் ரொமேரோ என்ற அமெரிக்க இயக்குநர் 1968-லும் 1978-லும் எடுத்த இரண்டு படங்கள் ரொம்பப் பெயர் பெற்றவை. 1978-ல் வந்த படம் பெரிய ஷாப்பிங் மாலுக்குள் நடக்கும். 2006-ல் வந்த முதல் டெட் ரைசிங்கும் ஒரு மாலுக்குள்தான் நடக்கும்.

கதை என்ன?

சக் கிரீன் என்பவர் பழைய மோட்டார் பைக் பந்தய சாம்பியன். லாஸ் வேகாஸ் நகரத்தில் ஜாம்பி நோய் பரவியபோது அவர் மனைவி ஜாம்பி ஆகிவிட்டார். ஆவதோடு நிற்கவில்லை, பெற்ற பொண்ணு கேட்டியையே கடித்துவிட்டார். கடிபட்டவர்களும் ஜாம்பி ஆகிவிடுவார்கள். அதைத் தடுக்க ஒரே மருந்து ஜாம்ப்ரெக்ஸ். ஆனால் அது நோயைக் குணப்படுத்தாது. 24 மணி நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மறுநாள் மறுபடியும் போட வேண்டும். விலையோ ரொம்ப அதிகம்.

அந்தப் பணத்துக்காக சக், ஃபார்ச்சூன் சிட்டி என்ற சூதாட்ட நகரத்துக்கு வருகிறார். அங்கே ஜாம்பிகளை அடைத்துவைத்து, பைக்கில் மரம் அறுக்குற மெஷினைக் கட்டிக்கொண்டு போய் அறுக்கும் ஒரு டி.வி. போட்டி நடக்கிறது. அதில் ஜெயித்தால் பணம். அன்றைக்கு ராத்திரி யாரோ வெடி வைத்து ஜாம்பிகளை வெளியே விட்டுவிடுகிறார்கள். நகரமே நாசம். பழி சக் மேல் விழுகிறது. ராணுவம் வந்துசேர 72 மணி நேரம் ஆகும். அதற்குள் அவர் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும், மாட்டிக்கொண்ட ஆட்களைக் காப்பாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தினமும் காலை 7 மணியிலிருந்து 8 மணிக்குள் கேட்டிக்கு மருந்து கொடுக்க வேண்டும்.

கண்டதெல்லாம் ஆயுதம்

இந்த மாதிரி கேம்களுக்கு இங்கிலீஷில் 'ஹேக் அண்ட் ஸ்லாஷ்' என்று பெயர். தமிழில் 'வெட்டி வீழ்த்தும் விளையாட்டு' என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற கேம்களில் கத்தி, வாள் என்று நாலு ஆயுதம்தான் இருக்கும். இதில் கடையில் இருக்கும் நாற்காலி, பூந்தொட்டி, கிடார், பொம்மை என்று கையில் கிடைப்பதெல்லாம் ஆயுதம்தான். அதுமட்டுமல்ல, ரிப்பேர் ரூமுக்குப் போனால் இரண்டு பொருளை டேப் போட்டு ஒட்டிப் புது ஆயுதமே செய்யலாம். எனக்குப் பிடித்த சில:

1. கிரிக்கெட் மட்டை மாதிரி ஒரு பேஸ்பால் மட்டை + ஆணி = ஆணி மட்டை. இதுதான் ஆரம்பப் பாடம்.

2. படகுத் துடுப்பு + மரம் அறுக்குற மெஷின் = இரண்டு முனையிலும் அறுக்கும் துடுப்பு. கேமுக்கே இதுதான் அடையாளம்.

3. பக்கெட் + டிரில் மெஷின் = ஜாம்பி தலையில் கவிழ்த்துவிட வேண்டியதுதான்!

4. டார்ச் லைட் + நவரத்தினக் கற்கள் = ஒளி வீசும் வாள். இது எந்த சயின்ஸ் என்று நம்ம அறிவியல் ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

5. ரோபோ முகமூடி + புல் வெட்டுற மெஷின் = தலையில் மாட்டிக்கொண்டு முட்டித் தள்ளலாம்.

சிரிப்புக்கும் பஞ்சமில்லை. எந்தத் துணிக்கடைக்குள் போனாலும் எந்த உடையையும் சக் போட்டுக்கொள்ளலாம். ஒரு தடவை அண்ணன் அவருக்குக் கோமாளி மாதிரி வேஷம் போட்டுவிட்டான். அடுத்த காட்சி ரொம்ப சோகமான காட்சி. அதிலும் அதே வேஷத்தோடு நின்று உருக்கமாகப் பேசுகிறார்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இன்னொன்று, கேமை சேவ் பண்ண வேண்டுமென்றால் கழிவறைக்குப் போக வேண்டும். "அவசரமா சேவ் வருது" என்று அண்ணன் கத்துவான்.

கடிகாரம்தான் பெரிய வில்லன்

இப்போது என் வேலைக்கு வருகிறேன். கேமுக்குள் நேரம் நிற்காமல் ஓடும். அங்கே ஒரு மணி நேரம் நமக்கு ஏறக்குறைய 5 நிமிஷம். ஜாம்பியை அடித்துக்கொண்டே இருந்தால் சுவாரஸ்யத்தில் நேரம் போவதே தெரியாது. "அண்ணா, மணி ஆறரை ஆச்சு. மருந்து இருக்கா?" என்று ஞாபகப்படுத்துவதுதான் என் வேலை.

மருந்து சும்மா கிடைக்காது. நகரத்தில் எங்கேயாவது தேடி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொள்ளைக்காரர்கள் நடத்தும் அடகுக் கடையில் வாங்க வேண்டும். பெயருக்குத்தான் அடகுக் கடை. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஊரே செத்துக் கிடக்கும்போதும் அவர்களுக்கு லாபம்தான்! அந்த வழியில் எதிரே நூறு ஜாம்பி நின்றாலும் அடித்துக்கொண்டு நிற்க முடியாது. விலகி ஓடத்தான் வேண்டும். அப்போதுதான் எனக்கு இது வெட்டுற கேம் இல்லை, ஓடுற கேம் என்று புரிந்தது.

கேட்டி பாதுகாப்பு அறையிலேயே இருப்பாள். சக் போகும் வழியில் பொம்மை, வரையும் படம் மாதிரி எதையாவது எடுத்துவந்து பரிசாகக் கொடுக்கலாம். கொடுத்தால் பாயிண்ட் கிடைக்கும். பாயிண்ட் கிடைக்காவிட்டாலும் நான் கொடுக்கச் சொல்வேன். வெளியூர் போய்விட்டு வரும் அப்பா பையில் என்ன இருக்கிறது என்று நாம் பார்க்க மாட்டோமா?

மருந்து கொடுக்கத் தவறினால்? கேட்டியும் ஜாம்பி ஆகிவிடுவாள். அப்புறம் எத்தனை ஆயிரம் ஜாம்பியை வெட்டியிருந்தாலும் என்ன பிரயோஜனம்?

குறைகளும் உண்டு

* ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போதெல்லாம் லோடிங் என்று காக்க வைக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும்.

* பெண் பாத்திரங்கள் சிலருக்கு அரைகுறை உடைதான் கொடுத்திருக்கிறார்கள். கதைக்கு அது தேவையே இல்லை. ஆண்கள் உட்கார்ந்து செய்த கேம் என்று பார்த்தாலே தெரிகிறது.

* ரத்தம் அதிகம். அதனால் அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல் என்றும் ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேல் என்றும் முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஆகவே ஆறு, ஏழாம் வகுப்புத் தம்பி தங்கைகள் கதையை என்னிடம் கேட்டுக்கொண்டால் போதும்!

மருந்துக் கம்பெனியின் ரகசியம்

(முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகவும்.)

ஜாம்ப்ரெக்ஸ் மருந்தை விற்பது ஃபீனோட்ரான்ஸ் என்ற கம்பெனி. கதையில் வரும் கற்பனைக் கம்பெனிதான். வெடி வைத்தது யார் என்று தேடிக்கொண்டே போனால் கடைசியில் இந்தக் கம்பெனியிடம்தான் வந்து நிற்கும். ஜாம்பிகளின் உடம்பிலிருக்கும் ஒருவகைப் பூச்சியிலிருந்துதான் அந்த மருந்தைச் செய்கிறார்கள். ஆக, மருந்து செய்ய ஜாம்பி வேண்டும். அதற்காக அவர்களே ஊருக்குள் நோயைப் பரப்புகிறார்கள். நோய் பரவினால் மருந்தும் விற்கும். நோயும் அவர்களுடையது, மருந்தும் அவர்களுடையது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்கள்!

இதைப் பார்த்ததும் எனக்கு ஹைட்டி நாட்டு ஜாம்பிதான் ஞாபகம் வந்தது. அங்கே செத்தவனை எழுப்பிக் கரும்பு வெட்ட வைப்பார்கள் என்ற பயம். இங்கே செத்தவனை வைத்து மருந்து வியாபாரம். இரண்டிலும் ஜாம்பி கெட்டவன் இல்லை. அவனை வைத்து லாபம் பார்ப்பவன்தான் கெட்டவன்.

நிஜத்தில் இப்படி ஒரு மருந்து

தினமும் போட்டால்தான் உயிர் என்ற மருந்து கற்பனை மட்டும் இல்லை. சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலின் அப்படிப்பட்டதுதான். சின்ன வயதிலேயே வரும் ஒருவகைச் சர்க்கரை நோயில் உடம்பு இன்சுலினைச் சுரக்காது. அந்த நோய் வந்த குழந்தைகள் அந்தக் காலத்தில் பிழைக்கவே மாட்டார்கள். 1921-ல் கனடாவில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவரும் அவர்களோடு வேலை செய்தவர்களும் இன்சுலினைப் பிரித்தெடுக்க வழி கண்டார்கள். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற பையனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். அவனுக்கு வயது 14. என் வயது! சாகக் கிடந்த அவன் அதற்குப் பிறகு 13 வருஷம் வாழ்ந்தான்.

அந்தக் கண்டுபிடிப்பின் உரிமையை வைத்து அவர்கள் கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கலாம். ஆனால் ஆளுக்கு ஒரே ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொரன்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். நம்ம அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலினை இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் அமெரிக்கா மாதிரிப் பணக்கார நாட்டில், விலை கட்டுப்படியாகாமல் மருந்தை அளவு குறைத்துப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. கேட்டியின் கதையை எழுதியவர்கள் அந்த ஊர்ப் பக்கத்துக்காரர்கள். சும்மா எழுதியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்களுக்குத் தெரியுமா?

முதல் டெட் ரைசிங்கில் 53,594 ஜாம்பிகளைக் கொன்றால் ஒரு பரிசு உண்டு. அது என்ன கணக்கு, 50,000 என்று வைக்கக்கூடாதா என்று கேட்கலாம். கதையில் வரும் அந்த ஊரின் ஜனத்தொகைதான் 53,594! அப்படியென்றால் பரிசு வாங்கியவன் என்ன செய்தான்? ஒரு ஊரையே கொன்றிருக்கிறான். நாம் வெட்டித் தள்ளியதெல்லாம் நேற்றுவரை கடைக்கு வந்தவர்கள், பஸ் ஓட்டியவர்கள், பள்ளிக்கூடம் போனவர்கள். கேம் இதை வாயால் சொல்லாது. ஒரே ஒரு எண்ணில் சொல்லிவிட்டுப் போய்விடும்.

முடிவுரை

மதிப்பெண் கேட்டால், சிரிப்புக்கு 9, கதைக்கு 9, லோடிங்குக்கு 3, பெண்களைக் காட்டிய விதத்துக்கு 2 போடுவேன். மொத்தத்தில் நல்ல கேம்தான். வெட்டுவதற்காக விளையாட ஆரம்பிப்பவர்களை மருந்துக்காக ஓட வைக்கிறதே, அதுதான் இதன் கெட்டிக்காரத்தனம்.

சிந்திக்க ஒரு கேள்வி: உங்கள் கையில் ஒரே ஒரு ஜாம்ப்ரெக்ஸ் இருக்கிறது. மணி 7.30. கேட்டிக்குப் போட வேண்டும். வழியில் கடிபட்ட வேறொரு ஆள் "எனக்குக் கொடு" என்று கும்பிடுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? பதிலை ஒரு தாளில் எழுதி சுவரிதழ்ப் பெட்டியில் போடுங்கள். நல்ல பதில்கள் அடுத்த இதழில் வரும்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி