மருத்துவமனைப் பயணத்துக்கு எத்தனை மரம் ஈடு?

ஜலகண்டாபுரத்திலிருந்து தாரமங்கலம் வழியாகச் சேலத்துக்குப் போய்வர ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் சிகிச்சைக்காக இத்தொலைவைக் கடக்கும் குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 156 பயணங்கள். வண்டியில் எரியும் பெட்ரோலையும், ஒவ்வொரு முறையும் குப்பைக்குப் போகும் ஊசிகளையும் குழாய்களையும் காணும்போது, நம்மால் காற்று இவ்வளவு கெடுகிறதே, அதற்கு மரம் நட்டு ஈடுகட்ட இயலுமா என்ற எண்ணம் சிலருக்கு எழுகிறது. நல்ல எண்ணமே. ஆனால் அதற்குள் ஒரு குற்ற உணர்வும் ஒளிந்திருப்பதால், கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் இருசக்கர வாகனத்தில் சென்றால், ஒரு பயணத்துக்கு மூன்று கிலோவுக்குச் சற்று அதிகம். ஆண்டுக்கு 500 கிலோ. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் காரில் சென்றால், ஆண்டுக்கு 1,700 கிலோ அளவுக்கு உயரும். ஐம்பது பேர் அமர்ந்து செல்லும் பேருந்தில் ஒருவரின் பங்கு ஒரு பயணத்துக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆயினும் டயாலிசிஸ் முடிந்து தலைசுற்றலோடும் களைப்போடும் இருப்பவரைப் பேருந்தில் நிற்க வைக்கும்படி நாங்கள் சொல்லமாட்டோம். அன்று கார் தேவையென்றால் காரே சரி.

இனி மரத்தின் பக்கம். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். ஒரு கிலோ கரிமம், காற்றில் இருந்தபோது 3.67 கிலோ கரியமில வாயுவாக இருந்தது. ஆகவே வேரும் கிளையும் சேர்த்து உலர் எடையில் 100 கிலோ தேறும் அளவுக்கு வளர்ந்த ஒரு வேம்பு, தன் வாழ்நாளில் ஏறத்தாழ 180 கிலோ கரியமில வாயுவைக் காற்றிலிருந்து எடுத்துத் தன் உடலில் வைத்திருக்கிறது. ஓராண்டின் இருசக்கர வாகனப் பயணத்துக்கு அத்தகைய மரங்கள் மூன்று போதும். காருக்கு ஒன்பதோ பத்தோ. கணக்கு எளிதாகத் தோன்றும். ஆனால் பெட்ரோல் இன்று காலையிலேயே எரிந்துவிட்டது. மரமோ அந்த எடையை அடையப் பல ஆண்டுகள் ஆகும். நட்ட கன்று முதல் கோடையிலேயே கருகிவிட்டால் ஈடு என்பது பூஜ்யம். வளர்ந்த மரத்தை வெட்டி விறகாக எரித்தால், சேர்த்து வைத்ததெல்லாம் மீண்டும் காற்றுக்கே போய்விடும். நட்ட எண்ணிக்கையைவிடப் பிழைத்த எண்ணிக்கையைத்தான் கேட்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

டயாலிசிஸ் சிகிச்சையின் சுமையையும் மறைக்க வேண்டியதில்லை. நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் ஓடுகிறது. அதைத் தூய்மைப்படுத்த அதைவிட அதிக நீரும், மின்சாரமும் செலவாகின்றன. பிரிட்டனில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவமனையில் டயாலிசிஸ் பெறும் ஒருவரின் சிகிச்சைக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 டன் கரியமில வாயுவுக்கு நிகரான வெளியேற்றம் நிகழ்வதாகக் கணக்கிட்டது. ஓர் இந்தியர் சராசரியாக ஆண்டு முழுவதும் வெளியேற்றுவது இரண்டு டன் அளவே. இந்த ஒப்பீட்டைப் படித்து எந்த நோயாளியும் மனம் கலங்க வேண்டாம். சிகிச்சை ஆடம்பரம் அன்று. அந்த 3.8 டன்னைக் குறைக்கும் கடமை மருத்துவமனைகளுக்கும் மின்வாரியத்துக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் உரியது. உலகின் மொத்த வெளியேற்றத்தில் மருத்துவத்துறையின் பங்கு ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம். அறுவை சிகிச்சையில் பயன்படும் டெஸ்ஃப்ளூரேன் என்னும் மயக்க வாயு மட்டும் கரியமில வாயுவைப் போல 2,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இவற்றை மாற்றும் வேலை எங்களுடையது, உங்களுடையது அன்று.

தனிமனிதக் கார்பன் தடம் என்ற சொல்லாட்சியை 2000களின் நடுவில் உலகெங்கும் விளம்பரம் செய்து பரப்பியதில் பிபி என்ற எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் இங்கே நினைவில் வைப்பது நல்லது. எரிபொருள் விற்பவர் வாங்குபவரிடம் கணக்குக் கேட்பது சற்று விந்தைதான்.

அப்படியானால் மரம் நடுவதால் பயனில்லையா? மிகுந்த பயன் உண்டு. கணக்கு ஏட்டில் தெரியும் பயனைவிடப் பெரியது. கோயம்புத்தூரில் அரசுப் பேருந்து நடத்துநராகப் பணியாற்றிய மாரிமுத்து யோகநாதன், பயணச்சீட்டோடு மரக்கன்றையும் பயணிகளுக்குக் கொடுத்தவர்; தம் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கன்றுகளுக்கே செலவிட்டவர். 2021 மார்ச்சில் பிரதமர் தம் வானொலி உரையில் அவரைக் குறிப்பிட்டபோது நாடே அவரை அறிந்தது. சேலத்திலேயே, கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010இல் சேலம் மக்கள் குழு என்ற குடிமக்கள் அமைப்பு கையிலெடுத்து, தூர்வாரிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் சிறு தீவுகளை அமைத்து மரங்களை வளர்த்தது. இன்று அங்கே பறவைகள் தங்குகின்றன. சேலம் வருபவர்கள் ஒருமுறை சென்று பார்க்கலாம். சிகிச்சைக்குக் காத்திருக்கும் உறவினருக்கு அந்தக் கரை நல்ல ஆறுதல்.

எங்கள் நோயாளிகளுக்கு மரத்தின் முதல் பயன் நிழல். நீர் அருந்தும் அளவுக்குக் கட்டுப்பாடு உள்ள சிறுநீரக நோயாளிக்குச் சித்திரை வெயில் கொடியது. தாகத்தைத் தணிக்கவும் இயலாது, வியர்வையை நிறுத்தவும் இயலாது. வீட்டின் மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் விழாதவாறு நிற்கும் ஒரு புங்கன், அந்த அறையின் வெம்மையைத் தணிக்கும். இதய நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் இது பொருந்தும்.

எதை நடுவது என்பதிலும் கவனம் வேண்டும். வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், இலுப்பை ஆகியவை சேலம் மாவட்டத்தின் வறண்ட கோடையைத் தாங்கக்கூடியவை. ஆல், அரசு வீட்டுச் சுவருக்கு அருகில் வேண்டாம். ஏரிக்கரைக்கும் பொது இடத்துக்கும் உரியவை. அழகுக்காகச் சாலையோரங்களில் வைக்கப்படும் கோனோகார்ப்பஸ் மரத்தைக் குஜராத் அரசு 2023இல் தடை செய்தது. அதன் மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் அத்தகையதே. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டுக்கருகே இவ்விரண்டும் ஆகா.

நடும் கைகளையும் பார்க்க வேண்டும். டயாலிசிஸ் இணைப்பு உள்ள கையால் மண்வெட்டியோ குடமோ தூக்கக்கூடாது. சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு ஈர மண்ணில் இறங்க வேண்டாம். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் என்னும் நோய் அவர்களையே அதிகம் தாக்குகிறது. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களும் கீமோதெரபி பெறுபவர்களும் குழி தோண்டும் வேலையைப் பிறருக்கு விட்டுவிடுவது நலம். கன்றுக்குப் பெயர் வைப்பது, நீர் ஊற்றியதா என்று நாள்தோறும் கேட்பது ஆகியவற்றை அவர்கள் ஏற்கலாம்.

பராமரிக்கும் உறவினரிடம் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியையும் பார்த்து, தறியையும் ஓட்டி, பத்துக் கன்றுகளுக்கு நீர் ஊற்றுவது இயலாத காரியம். இரண்டு கன்றுகள் போதும். முதல் மூன்று ஆண்டுகள் கோடையில் வாரம் இரண்டு குடம் நீரும், ஆடு மேயாதபடி முள்வேலியும் கிடைத்தால் அவை பிழைத்துக்கொள்ளும். உடல்நிலை இடம் கொடுக்காத மாதங்களில் அண்டை வீட்டாரிடம் பொறுப்பை ஒப்படைக்கத் தயங்க வேண்டாம்.

பயணத்தைக் குறைக்க வழி இருந்தால், அது மரத்தைவிட விரைவாகப் பலன் தரும். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளும், வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான திரவப் பைகளும் வீடு தேடி வருகின்றன. உங்கள் சிகிச்சைக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். கேட்காமல் ஒரு வருகையையும் தவிர்க்க வேண்டாம்.

தமிழ்நாட்டின் வனப்பரப்பையும் மரப்பரப்பையும் 33 சதவீதமாக உயர்த்தும் நோக்கத்தோடு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. வனத்துறையின் நாற்றங்கால்களில் நாட்டு மரக்கன்றுகள் கிடைக்கும். இரண்டு அடிக் குழியை இப்போதே தோண்டி ஆறப்போட்டு வையுங்கள். வடகிழக்குப் பருவமழையின் முதல் ஈரத்தில், ஐப்பசி தொடக்கத்தில், கன்றை நடலாம்.