மாரடைப்புக்குப் பிறகு ஓடலாமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பும் நெசவாளருக்கு அக்கம்பக்கத்தார் சொல்வது ஒன்றுதான்: “இனிமே உடம்பை அலட்டிக்காதீங்கண்ணே, சும்மா உட்காருங்க.” இதய மருத்துவம் சொல்வதோ நேரெதிர். நடந்து பழகி, பரிசோதனையிலும் தேறியவர் மெல்ல ஓடவும் செய்யலாம். ஆனால் மாத்திரையைப் போல ஓட்டத்துக்கும் அளவு உண்டு.

பாஸ்டனில் ஓடிய ஏழு பேர்

1973ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில், மாரடைப்பிலிருந்து மீண்ட ஏழு பேரைக் களமிறக்கினார் டொரன்டோ மருத்துவர் டெரன்ஸ் கேவனா. நடையில் தொடங்கி, அவருடைய கண்காணிப்பில் படிப்படியாகப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். ஆனால் ஓட்டத்தைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதிய அமெரிக்கர் ஜிம் ஃபிக்ஸ், 1984இல் ஓடப்போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 52. அவருடைய தந்தையும் 43 வயதில் மாரடைப்பால் இறந்தவர். ஓட்டம் மட்டுமே அவரைக் காத்துவிடவில்லை. ஆகவே ஓடுகிறோம் என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

தறி மிதிப்பது போதாதா?

குழித்தறியில் நாளெல்லாம் மிதித்து, நாடா வீசி, பலகை அடித்தால் தோளும் இடுப்பும் கடுக்கும். ஆனாலும் அது உட்கார்ந்து செய்கிற வேலை. இழை அறுந்தால் கை நிற்கும். கோர்வைச் சேலையில் கரை சேர்க்க உடன் இருப்பவருக்காகக் காத்திருக்க வேண்டும். இதயத்துடிப்பைச் சற்று உயர்த்தி, அரை மணி நேரம் அதே நிலையில் வைத்திருக்க விறுவிறு நடையோ மெல்லோட்டமோ வேண்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வர அது உதவும்.

நடை முதலில்

சேதமடைந்த இதயத் தசை ஆறித் தழும்பாகச் சுமார் 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை மருத்துவர் சொன்ன அளவுக்கு நடை மட்டுமே. பிறகு எக்கோ, டிரெட்மில் பரிசோதனைகளைப் பார்த்து, ஓடலாமா என்பதை அவர் சொல்வார். 30 நிமிட வேக நடை சில வாரங்கள் சிரமமின்றி முடிந்தால், ஒரு நிமிட மெல்லோட்டம், மூன்று நிமிட நடை என மாற்றிப் பழகலாம். ஓடும்போது ஒரு வாக்கியத்தை மூச்சுத் திணறாமல் பேச முடிய வேண்டும். பீட்டா பிளாக்கர் மாத்திரை இதயத்துடிப்பைக் குறைத்துவிடும் என்பதால் கைக்கடிகாரக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள்.

நம்மூரில் எங்கே, எப்போது?

முகூர்த்த நாட்களில் பட்டு வாங்க வரும் வண்டிகளால் ராஜ வீதிகள் நெரியும். மாவட்ட விளையாட்டரங்கம் நல்லது. ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 2023 முதல் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதையும் உண்டு. சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். கோயில் இட்லியை ஓட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஓடத் தொடங்கிவிட்டோம் என்று, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், தாறுமாறான படபடப்பு: எது வந்தாலும் நின்று உட்காருங்கள். நாக்கின் அடியில் வைக்க மருத்துவர் மாத்திரை தந்திருந்தால் வையுங்கள். உடனே 108ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி 2023 முதல் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகள் கிடைக்கின்றன. ஓட்டத்துக்கு மறுநாள் அசதி நீடித்தாலோ கால் வீங்கினாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.