சான்றிதழ் சொல்லாத ஆட்டம்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரக் கல்லூரிகளில் மாலைதோறும் கூடைப்பந்துப் பயிற்சி செய்யும் மாணவ, மாணவியருக்கு அமெரிக்காவின் என்.பி.ஏ. எட்டாத தொலைவு. அவர்களின் கண்முன் இருக்கும் இலக்கு வேறு. புறநகர் ரயிலில் சில நிலையங்களைக் கடந்தால் வரும் பெரம்பூர் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வங்கிகள், காவல் துறை என ஏதேனும் ஓர் அணியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் பணிதான் அது.

கல்லூரி வீரர் முழுநேர வீரராவதற்கு நம் நாட்டில் உள்ள முதன்மையான வாயில் இதுவே. சென்னையில் பிறந்த அனிதா பால்துரை, தெற்கு ரயில்வே ஊழியராக இருந்தபடியே இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2021-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அதே தெற்கு ரயில்வே அணியின் கீது அன்னா ஜோஸ், 2011-இல் அமெரிக்க மகளிர் லீக் அணிகளின் தேர்வு முகாம்களுக்கு அழைக்கப்பட்டார். இத்தகைய வாயிலில் ஒருவரின் திறன் எப்படி எடைபோடப்படுகிறது என்பது பலரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் கேள்வி.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் இரண்டு சுற்றுகளாக ஏறத்தாழ 60 இளம் வீரர்களை என்.பி.ஏ. அணிகள் தேர்ந்தெடுக்கின்றன. அவர்கள் எடுத்த புள்ளிகளை மட்டும் பார்த்து எந்த அணியும் முடிவெடுப்பதில்லை. முதலில் வயது. 19 வயதில் ஒருவர் காட்டும் ஆட்டத்தையே 22 வயதில் மற்றொருவர் காட்டினால், இளையவருக்கு வளர வாய்ப்பு மிகுதி. அடுத்து உடலமைப்பு. காலணியின்றி உயரம், விரித்த கைகளின் நீளம், நின்றபடி கை எட்டும் உயரம் ஆகியவை அளக்கப்படுகின்றன. பந்தைத் தடுப்பது தலையன்று, விரல் நுனி என்பதே காரணம். மூன்றாவது, எதிரணியின் தரம். நலிந்த அணிக்கு எதிரான 30 புள்ளிகளும் வலுவான அணிக்கு எதிரான 15 புள்ளிகளும் ஒன்றல்ல.

ஃபிரீ த்ரோவுக்குத் தனி மதிப்பு உண்டு. தடுப்பவர் எவருமின்றி எப்போதும் ஒரே தூரத்திலிருந்து எறிவதால், அது எறியும் கையின் தரத்தைக் கலப்பின்றிக் காட்டுகிறது. சில ஆட்டங்களில் மட்டும் பார்த்த மூன்று புள்ளி எறிதலைவிட இதுவே எதிர்காலத்தை நன்கு கணிக்கும் எனப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இத்தனை கணக்கும் தவறுவதுண்டு. 2014-இல் 41-ஆவதாகத் தேர்வான நிகோலா யோகிச், பின்னர் மும்முறை லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்றார். 2015-இல் 52-ஆவதாகத் தேர்வான பஞ்சாபின் சத்நாம் சிங், ஏழடிக்கு மேல் உயரமிருந்தும் ஒரு என்.பி.ஏ. ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை. ஓர் அளவை மட்டும் நம்பக் கூடாது என்பதே இவற்றின் பாடம்.

இனி நம் முறைக்கு வருவோம். ரயில்வேயின் திறந்தநிலை விளையாட்டு ஒதுக்கீட்டில் மொத்தம் 100 மதிப்பெண்கள். களத் தேர்வுக்கு 40, அங்கீகரிக்கப்பட்ட சாதனைகளுக்கு 50, கல்வித் தகுதிக்கு 10. களத் தேர்வில் 25 பெற்றால்தான் அடுத்த கட்டம். ஆக, பெரும்பங்கு சாதனைச் சான்றிதழுக்கே.

கூடைப்பந்து போன்ற குழு ஆட்டத்தில் அந்தச் சான்றிதழ் எதைச் சொல்கிறது? அணி பிடித்த இடத்தைச் சொல்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் மூன்றாமிடம் பெற்ற அணியில் நாள்தோறும் 35 நிமிடம் ஆடியவருக்கும், இருக்கையிலேயே அமர்ந்திருந்த பன்னிரண்டாமவருக்கும் சான்றிதழ் ஒன்றுதான். காலிறுதியில் வீழ்ந்த அணியைத் தனியொருவராகச் சுமந்தவருக்கோ அந்தச் சான்றிதழே இல்லை. ஆகவே, பிளஸ் 2 முடித்த மாணவி எந்தக் கல்லூரியில் சேர்கிறாள் என்பதே அவளது ஆட்டத்தைவிடப் பெரிய தகுதியாகிவிடுகிறது. கட்டணத்துக்கும் பயணத்துக்கும் அஞ்சி வீட்டருகே உள்ள கல்லூரியில் சேர்பவர் அங்கேயே பின்தங்குகிறார்.

சான்றிதழ் முறைக்கு ஒரு நியாயம் உண்டு. அது பரிந்துரைக்கும் விருப்பு வெறுப்புக்கும் இடம்தராத வெளிப்படையான சான்று. அதைக் கைவிட்டு எல்லாவற்றையும் தேர்வாளரின் கண்ணுக்கு விட்டுவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும். எனவே தேவைப்படுவது சான்றிதழை நீக்குவதன்று. அதில் தனிநபர் கணக்கையும் சேர்ப்பதே.

ஆடிய நிமிடங்கள், எறிந்தவை, விழுந்தவை, ரீபவுண்ட், இழந்த பந்துகள் ஆகியவற்றைக் குறிக்கப் பயிற்சி பெற்ற இரு மாணவர்களும் ஒரு கைப்பேசியும் போதும். பல்கலைக்கழகப் போட்டிகளின் இந்தப் பதிவை அமைப்பாளர்களே அதிகாரபூர்வமாக வெளியிடலாம். அந்த 50 மதிப்பெண்ணில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கலாம். களத் தேர்வில் எடுக்கும் உடல் அளவுகளையும் ஃபிரீ த்ரோ எண்ணிக்கையையும் பொதுவில் வைக்கலாம்.

இந்த ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க வயது வரம்பு 25. கல்லூரிப் படிப்பை முடித்தவருக்கு அதற்குள் எஞ்சுவது மூன்று, நான்கு ஆண்டுகளே. பதிவு செய்யப்படாத ஆட்டத்தை அதன்பின் எவராலும் மீட்டுத் தர இயலாது.