பால்சா மரத்தில் ஒரு ஸ்பிட்பயர்!

குட்டீஸ்... நோட்டில் தாளைக் கிழித்து விமானம் செய்யாதவர்கள் உங்களில் யாராவது உண்டா? இருக்கவே மாட்டீர்கள்! காகித விமானம் மடிக்க ஒரு நிமிடம் போதும். அது பக்கத்து வீட்டு மாடியில் போய் விழுந்தாலும் கவலையில்லை. நோட்டில் அடுத்த தாள் இருக்கிறது.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது வேறு மாதிரி விமானம். மரத்தால் ஆனது, ரேடியோ மூலம் தரையில் நின்றபடியே ஓட்டக்கூடியது. தினமும் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும், அதைச் செய்து முடிக்க மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். ஆனால், அது பறக்குமா, தரையில் குத்தி நொறுங்குமா என்பது முதல் பத்து விநாடிகளில் தெரிந்துவிடும். அந்தப் பத்து விநாடிகளில் என்ன நடக்கும் என்பதில் பாதிக்கு மேல், நீங்கள் வேலை செய்த மேஜையிலேயே முடிவாகியிருக்கும். எப்படி என்று பார்ப்போமா?

நாம் செய்யப்போவது ஸ்பிட்பயர். இங்கிலாந்தின் புகழ்பெற்ற போர் விமானம். ஆர்.ஜே.மிட்செல் என்ற பொறியாளர் வடிவமைத்த இது, 1936, மார்ச் 5ல் முதன்முதலாகப் பறந்தது. மறு ஆண்டே மிட்செல் நோயால் இறந்துவிட்டார். 1940ல் ஜெர்மன் விமானங்கள் கூட்டம் கூட்டமாக இங்கிலாந்து மீது குண்டு வீச வந்தபோது, அவற்றை விரட்டியதில் ஸ்பிட்பயருக்குப் பெரிய பங்கு உண்டு. பாவம், அதைப் பார்க்க மிட்செல் உயிரோடு இல்லை.

ஸ்பிட்பயரை எந்தப் படத்தில் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். அதன் இறக்கை, நுனியை நோக்கி அழகாக வளைந்து நீள்வட்டமாக இருக்கும். இந்த அழகுக்காகவே, மாதிரி விமானம் செய்பவர்களுக்கு இதன் மேல் தனிப் பிரியம். ஆனால் ஒன்று: உங்கள் முதல் விமானமாக இதைச் செய்யாதீர்கள்! இறக்கை உடலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பயிற்சி விமானங்கள் இருக்கின்றன. தடுமாறினால்கூட, குச்சியிலிருந்து கையை எடுத்தால் பெரும்பாலும் தாமாகவே நேராகிவிடும். ஸ்பிட்பயர் அவ்வளவு சாது இல்லை. பயிற்சி விமானத்தில் கை பழகிய பிறகுதான் இதன் பக்கம் வர வேண்டும்.

சரி, எந்த மரம்? தேக்கும் வேம்பும் இதற்கு உதவாது. பால்சா என்று ஒரு மரம் இருக்கிறது. தென் அமெரிக்காவில், அதிலும் ஈக்வடார் நாட்டிலிருந்துதான் உலகத்துக்கு அதிகம் வருகிறது. நட்ட ஏழெட்டு ஆண்டுகளிலேயே வெட்டும் அளவுக்கு வளர்ந்துவிடும். நம் ஊர் பூவரசு, இலவம், வெண்டைக்காய் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள் தெரியுமா? ஒரே தாவரக் குடும்பம்! பால்சா காய் வெடித்தால், இலவம்பஞ்சு போலவே பஞ்சு வரும்.

ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. அதே அளவு தேக்கு 650 கிலோ இருக்கும். பால்சா எவ்வளவு தெரியுமா? சுமார் 160 கிலோதான்! ஸ்பானிய மொழியில் 'பால்சா' என்றாலே தெப்பம் என்று பொருள். 1947ல் நார்வே நாட்டின் தோர் ஹெயர்டால், ஐந்து நண்பர்களுடன் பால்சா கட்டைகளால் கட்டிய தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து கிளம்பி, 101 நாட்களில் பசிபிக் தீவு ஒன்றைப் போய்ச் சேர்ந்தார். அந்தத் தெப்பத்தின் பெயர் கோன் - டிக்கி.

'இவ்வளவு லேசான மரம் பொம்மைக்குத்தானே சரிப்படும்?' என்று நினைக்கிறீர்களா? இரண்டாம் உலகப்போரில் நிஜ விமானத்தையே இதை வைத்துச் செய்தார்கள்! போர்க்காலத்தில் உலோகம் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. அப்போது இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம், இரண்டு மெல்லிய பிளைவுட் பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்து, சாண்ட்விச் போல ஒட்டி விமான உடலைச் செய்தது. நாற்காலி, மேஜை, பியானோ செய்த தச்சர்கள் எல்லாம் விமானம் செய்ய வந்துவிட்டனர். 1940, நவம்பர் 25ல் முதலில் பறந்த அந்த விமானம், அந்தக் காலத்தின் மிக வேகமான விமானங்களில் ஒன்று. 7,700க்கும் அதிகமாகச் செய்தார்கள். அதன் பெயர் மஸ்கிட்டோ. ஆமாம், கொசுதான்!

அந்தக் கொசுவுக்கும் ஒரு சோதனை வந்தது, நம் நாட்டில். 1944ல் இந்தியாவுக்கு வந்த சில மஸ்கிட்டோ விமானங்களின் இறக்கையில் ஒட்டு விட்டுப்போய், விபத்துகள் நடந்தன. உடனே அவற்றைத் தரையிறக்கிச் சோதித்தார்கள். சரியாக ஒட்டாத இணைப்புகளே வம்பு செய்தது தெரியவந்தது. நீங்கள் மேஜையில் ஒரு துண்டைப் பசை போட்டு ஒட்டும்போது, 'பரவாயில்லை, இது போதும்' என்று தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. நிஜ ஸ்பிட்பயரின் இறக்கை, நுனிக்கு நுனி 11.23 மீட்டர். அதை எட்டில் ஒரு பங்காக்கினால் 140 செ.மீ., நம் மாதிரிக்குச் சரியான அளவு. எடை? அதையும் எட்டால் வகுத்தால் தப்பு! நீளம், அகலம், உயரம் மூன்றுமே எட்டில் ஒன்றாகக் குறைவதால், 8 x 8 x 8 = 512 ஆல் வகுக்க வேண்டும். ஆரம்பகால ஸ்பிட்பயர் பறக்கும்போது இரண்டரை டன்னுக்குச் சற்றே அதிகம். வகுத்தால் 5 கிலோ வரும். ஆனால், 5 கிலோவில் செய்தால் அது பறக்க அசுர வேகம் வேண்டும். திருப்புவதற்குள் மைதானம் தாண்டிவிடும். அதனால் 2 கிலோவுக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். நிஜத்தைவிட, கணக்குப்படியே பாதிக்கும் குறைவு! பால்சா தேவைப்படுவது இதற்காகத்தான்.

வேலையை ஆரம்பிப்போம். முதலில் முழு அளவு வரைபடத்தைச் சமமான பலகை மேல் விரித்து, பசை ஒட்டாமலிருக்க மேலே பாலிதீன் தாள் போட வேண்டும். பலகை கோணலாக இருந்தால், விமானமும் கோணல்தான். பால்சா பலகைகளை வாங்கியதும், சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளில் ஒன்று, மற்றதைப் போல இரண்டு மடங்கு கனமாக இருக்கும். கனமானதை இறக்கையின் நீளச் சட்டத்துக்கும், மிக லேசானதை வாலுக்கும் ஒதுக்கிவிடுங்கள். இந்த வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். பலர் செய்வதில்லை, பிறகு வருத்தப்படுவார்கள்.

இறக்கையின் உள்ளே மீன்முள் போல வரிசையாக விலாத் துண்டுகள் இருக்கும். பயிற்சி விமானத்தில் எல்லாத் துண்டும் ஒரே அளவு. ஸ்பிட்பயரின் நீள்வட்ட இறக்கையில் ஒவ்வொன்றும் ஒரு அளவு! இடப்பக்கம் ஒன்று, அதே போல வலப்பக்கம் ஒன்று என்று ஜோடி ஜோடியாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துச் சேர்க்க வேண்டும். பிறகு வரைபடத்தின் மேல் வைத்து, குண்டூசியால் நிறுத்தி ஒட்ட வேண்டும். கத்தி பிடிக்கும்போது அப்பாவோ, அண்ணனோ, பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். உடனே ஒட்டும் பசை, மரத்தோடு விரலையும் சேர்த்து ஒட்டிவிடும். அதன் நெடி கண்ணை எரிக்கும். அவசரமில்லாத இடங்களுக்கு, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே நல்லது. இரவு ஒட்டினால், காலையில் இறுகியிருக்கும்.

இங்கே ஒரு ரகசியம். ஸ்பிட்பயர் இறக்கையின் நுனியை மிட்செல் குழுவினர் லேசாக முறுக்கி வைத்தார்கள். இரண்டரை டிகிரி அளவு. விமானத்தின் வேகம் மிகவும் குறைந்தால், இறக்கை காற்றில் பிடிப்பை இழந்துவிடும். நுனி முதலில் பிடிப்பை இழந்தால், விமானம் சட்டென்று ஒரு பக்கம் புரண்டு விழும். முறுக்கு இருந்தால், உடலை ஒட்டிய பகுதி முதலில் இழக்கும். விமானம் நடுங்கி, 'ஜாக்கிரதை' என்று சொல்லும். மாதிரி செய்யும்போதும் நுனியில் பின்விளிம்புக்கு அடியில் சின்னத் துண்டு வைத்து உயர்த்தி, அதே முறுக்கைக் கொண்டுவர வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு!

உடல் பகுதியை மூடும் பால்சா தகடு வளைய மறுத்தால், வெந்நீரில் நனைத்து, வளைத்துக் கட்டி வையுங்கள். காய்ந்ததும் அப்படியே நிற்கும். கடைசியில் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைப் போர்த்தி, இஸ்திரிப் பெட்டியின் இளஞ்சூட்டில் தேய்த்தால் சுருங்கி, முரசுத் தோல் போல விறைத்துக்கொள்ளும். உங்கள் தாத்தா காலத்தில் மெல்லிய காகிதம் ஒட்டி, வார்னிஷ் போன்ற ஒன்றைப் பூசினார்கள்.

அடுத்தது சமநிலை. ஸ்பிட்பயருக்கு மூக்கு குட்டை, வால் நீளம். சீ-சா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். வாலில் 10 கிராம் கூடினால், மூக்கில் 20, 30 கிராம் ஈயம் வைத்துத்தான் சரிக்கட்ட முடியும். லேசான மரத்தை வாலுக்கு ஒதுக்கச் சொன்னது இதற்குத்தான். வரைபடத்தில் சமநிலைப் புள்ளி குறித்திருக்கும். அந்த இடத்தில் இரண்டு விரல் நுனிகளால் விமானத்தைத் தூக்குங்கள். நேராகவோ, மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவிடாதீர்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி!

ரேடியோவுக்கு வருவோம். அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள், 'கஃப்' என்ற மாதிரி விமானத்தை 1937ல் ரேடியோ மூலம் பறக்கவிட்டார்கள். அது இன்றும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நம் விமானத்துக்குள் ஒரு ரிசீவர், ஒரு பேட்டரி, தீப்பெட்டி அளவில் நான்கைந்து 'செர்வோ' மோட்டார்கள். உங்கள் கையிலுள்ள குச்சியை அசைத்தால், அவை இறக்கையிலும் வாலிலும் உள்ள மடல்களை அசைக்கும். பழைய ரேடியோக்களில் ஒரே அலைவரிசையை இரண்டு பேர் போட்டால், முதலில் பறந்துகொண்டிருந்தவரின் விமானம் கதை முடிந்தது! அதனால், மைதானத்தில் ஒரு பலகையில் எண் எழுதிய துணிக்கிளிப்புகள் மாட்டியிருப்பார்கள். உங்கள் எண்ணின் கிளிப் கையில் இருந்தால்தான் ரேடியோவைப் போடலாம். இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்களில் அந்தத் தொல்லை இல்லை.

பறக்கும் நாள்! விமான நிலையம், வீடுகள், மின்கம்பி இல்லாத திறந்தவெளியும், கூட ஒரு பழகிய பெரியவரும் வேண்டும். நம் நாட்டில் 2021ல் வந்த டிரோன் விதிகளின்படி, பறக்கக்கூடாத பகுதிகளும் உண்டு. முதலில் அதைப் பாருங்கள். சுழலும் புரொப்பெல்லருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. குச்சியை வலப்பக்கம் தள்ளுங்கள். வலது இறக்கையின் மடல் மேலே எழ வேண்டும். தலைகீழாக இணைத்துவிட்டுப் பறக்கவிட்டு நொறுக்கியவர்கள், எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நிஜ ஸ்பிட்பயரின் சக்கரங்கள் மிக நெருக்கமாக இருக்கும். மாதிரியும் அப்படியே, புல்லில் ஓடினால் மூக்குக் குத்திக்கொள்ளும். அதனால் பலர் சக்கரமே வைப்பதில்லை. பெரியவர் ஒருவர் கையால் வீச, நீங்கள் ஓட்ட வேண்டும். மோட்டார் இழுப்பில் அது இடப்பக்கம் சாயப் பார்க்கும். மெதுவாக வலப்பக்கம் திருத்துங்கள். நன்றாக உயரும்வரை திருப்பம் வேண்டாம்.

விமானம் உங்களை விட்டுப் போகும்போது எல்லாம் சுலபம். திரும்பி உங்களை நோக்கி வரும்போதுதான் குழப்பம்! அதன் வலது, உங்களுக்கு இடது. அப்போது யோசிக்க நேரம் இருக்காது. எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, குச்சியை அந்தப் பக்கமே தள்ளுங்கள்; நேராகிவிடும்.

இறங்கும்போது அவசரப்பட்டு வேகத்தைக் குறைக்காதீர்கள். புல்லில் வயிறு உரசி அது நின்றதும், ஓடிப்போய்த் தூக்கிப் பாருங்கள். ஒருவேளை நொறுங்கிவிட்டதா? அழுதுகொண்டே வீட்டுக்கு வராமல், உடைந்த துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கி ஒரு பையில் போடுங்கள். பால்சா உடைந்த இடம் மறுபடி கச்சிதமாகப் பொருந்தும். காணாமல் போன துண்டை, வரைபடத்தைப் பார்த்து மறுபடி வெட்டிக்கொள்ளலாம். அதனால், விமானம் செய்து முடித்ததும் வரைபடத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்!