சங்கத்து மோட்டார் வண்டியும் ரேடியேட்டர் சுத்தமும்

சங்கத்தின் லாரியோ டிராக்டரோ அங்கத்தினர் பலரின் பங்குத் தொகையால் வாங்கப்பெறுவது. அதன் யந்திரம் கெட்டால் நஷ்டம் ஒருவருக்கன்று, அனைவருக்குமாம். யந்திரத்தைக் கெடுக்கும் காரணங்களுள் மிகுதியான உஷ்ணம் முக்கியமானது. அவ்வுஷ்ணம் பல சமயங்களில் ரேடியேட்டரின் முகப்பில் அடைந்துள்ள பதர், வைக்கோல் தூசி, செத்த பூச்சி முதலிய அற்பப் பொருள்களாலேயே உண்டாகின்றது.

எரிபொருள் தரும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, யந்திரத்தைச் சுற்றியோடும் ஜலத்தின் வாயிலாக வெளியேறுகின்றது. சூடேறிய ஜலம் ரேடியேட்டரின் சிறு குழாய்களில் செல்லும்பொழுது, குழாய்களுக்கிடையேயுள்ள மெல்லிய தகடுகளின் வழியே புகும் காற்று அவ்வுஷ்ணத்தைக் கவர்ந்து செல்லும். அவ்வழி அடைபட்டால், ஜலம் நிறைந்திருந்தும் விசிறி சுழன்றும் பயனில்லை. இதனை அறியாதார் மேன்மேலும் ஜலம் ஊற்றுவர். டிரைவர்மீது குறை கூறுவர். குற்றமோ முகப்பில் இருக்கும்.

மழைக்குப் பின் ஈசல் பறக்கும் இரவுகளிலும், அறுவடைக் காலத்தில் களத்தருகே வேலை செய்யும்பொழுதும் இவ்வடைப்பு விரைவில் ஏற்படும். அக்காலங்களில் முகப்பைத் தினந்தோறும் பார்த்தல் நலம். சுத்தம் செய்யும் முறை வருமாறு:

1. யந்திரத்தை நிறுத்தி, நன்றாக ஆறவிட வேண்டும். மின்சார விசிறியுள்ள வண்டியில் விசிறி தானாகவே சுழலக்கூடுமாதலால், சாவியை எடுத்து, பாட்டரி இணைப்பையும் கழற்றுதல் வேண்டும். சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியை ஒருபொழுதும் திறக்கலாகாது. அழுத்தத்திலுள்ள ஜலம் 100 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறியிருக்கலாம். அது பீறிட்டு முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும்.

2. உலர்ந்த பதரையும் வைக்கோலையும் மிருதுவான பிரஷினால், தகடுகள் மடங்காவண்ணம் அவற்றின் போக்கிலேயே தட்டிவிட வேண்டும்.

3. ஒட்டிக் காய்ந்த பூச்சிகளின்மீது சோப்பு ஜலம் தெளித்துச் சுமார் 10 நிமிஷம் ஊறவிட வேண்டும்.

4. பின்னர், யந்திரத்தின் பக்கமிருந்து முகப்பை நோக்கி ஜலம் விட வேண்டும். வந்த வழியே குப்பை திரும்பிப் போதலே முறை. முன்னிருந்து பாய்ச்சினால் அது உள்ளே சென்று இறுகும். மிக வேகமாகப் பீச்சினால் தகடுகள் மடங்கும். மின்சாரக் கருவிகளின்மீது ஜலம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. மடங்கிய தகடுகளை மெல்லிய மூங்கிற் சிம்பினால் மெதுவாக நிமிர்த்தலாம். இரும்புக் கம்பியால் குத்தினால் குழாயில் துவாரம் விழும்.

குளிர்சாதனமுள்ள கார்களில் ரேடியேட்டருக்கு முன்னே கண்டென்ஸர் என்னும் மற்றொரு தகட்டுப் பெட்டி இருக்கும். இரண்டுக்கும் நடுவே சேரும் குப்பை வெளியே தோன்றாது. அவ்விடத்தையும் கவனித்தல் வேண்டும். சிலர் முகப்பில் கம்பி வலை கட்டுவர். அது நல்லதே, ஆயினும் வலையை அடிக்கடி உதறாவிடில் அதுவே அடைப்பாகிவிடும்.

இவ்வளவு செய்தும் உஷ்ணம் தணியாவிடில், ஜலத்தின் அளவு, விசிறிப் பட்டை முதலியவற்றைப் பார்த்து, மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும். அதுவரை வண்டியை ஓட்டலாகாது.

எல்லோருக்கும் உரிய பொருளை ஒருவரும் கவனியாதிருத்தல் உலக வழக்கம். ஆதலால் இவ்வேலைக்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, சுத்தம் செய்த தேதியை வண்டிப் புத்தகத்தில் குறித்துவரும்படி நிர்வாக சபையார் ஏற்பாடு செய்தல் நன்று. ஒரு வாளி ஜலமும் அரைமணி நேர உழைப்பும் சங்கத்தின் முதலைக் காக்கும்.